கடைசல் பிடித்தல்

மூன்று வருஷங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது, 'கடைந்தெடுத்தாற்போன்ற வரிகள்' என்று ஓரிடத்தில் எழுதிவிட்டேன். யோசித்து எழுதியதல்ல, பேனா தானாக இறக்கிவைத்த சொல். செறிவு, இறுக்கம், கச்சிதம் என்று நாமெல்லாம் வெகுநாளாகக் கைமாற்றிக்கொண்டுவரும் சில்லறையில் அதுவும் ஒன்று. தேய்ந்த காசை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. தொகுப்பின் ஆசிரியர் திருப்பிப் பார்த்தார். "எங்க அப்பா கடைசல் வேலை செய்தவர். கடைசலில் வருவதெல்லாம் உருண்டையாகத்தான் வரும். என் கவிதைகள் உருண்டையாக இருக்கின்றன என்கிறீர்களா? அது பாராட்டா, புகாரா?" என்று ஒரு குறுஞ்செய்தி. மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் எனக்குக் கூட்டல் கணக்கு சரியாக வரவில்லை.

அவர் கேட்டதில் கோபத்தைவிட விமர்சனந்தான் ஜாஸ்தி. தமிழில் தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தைக் கடைகிறோம், தீக்கடைகோலால் நெருப்பையும் கடைந்திருக்கிறார்கள். கீரையை விட்டுவிட்டால் மற்ற மூன்றிலும் அசைவு ஒன்றுதான். ஒரு தண்டில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பது. மோட்டார் வருவதற்கு முன்பு கடைசல் பட்டறையிலும் இப்படித்தான்: ஒருவர் கயிற்றையோ வாரையோ இழுப்பார், மற்றவர் உளி பிடிப்பார். மரம் ஒரு தடவை உளிக்காரர் பக்கமாகச் சுழலும், மறுதடவை எதிர்ப்பக்கமாக. தன் பக்கமாகச் சுழலும்போது மட்டும் உளி வெட்டும். பாக்கிப் பாதி நேரம் உளியைச் சற்றே பின்வாங்கிச் சும்மா நிற்கவேண்டும். அந்தச் சும்மா நிற்றலைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம்.

அசைவு ஒன்றானாலும் பலன் ஒன்றல்ல. தயிரில், திரண்டு மேலே வருவதை எடுத்துக்கொள்கிறோம். மரத்தில், உதிர்ந்து விழுவதைப் பெருக்கித் தள்ளுகிறோம். மிஞ்சி நிற்பதுதான் பொருள். 'கடைந்தெடுத்த' என்று நான் எழுதியபோது என் மனசில் இருந்தது வெண்ணெயா, கட்டில் காலா? 1959ல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து நம்முடைய பேச்சில் இந்த மயக்கம் இருந்துவருகிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு மூச்சில் கவிதையைச் சாரம் என்போம், அடுத்த மூச்சில் செதுக்கல் என்போம். சாரம் என்றால் அது முன்பே உள்ளே இருந்தது. செதுக்கல் என்றால் எது போகவேண்டும் என்று ஒருவன் ஒவ்வொரு வெட்டிலும் தீர்மானித்திருக்கிறான். கடைசலோ இரண்டுமல்ல. அங்கே மரத்தை இரண்டு முனைகளுக்கு நடுவில் மாட்டிய கணத்திலேயே பாதித் தீர்மானம் முடிந்துவிடுகிறது. எந்த இடத்தில் குறுக்கே அறுத்துப் பார்த்தாலும் வட்டந்தான். நம் கச்சிதமான கவிதைகள் பலவற்றை மனசுக்குள் இப்படி அறுத்துப் பார்த்தேன். பெயர் சொல்லப் போவதில்லை.

இதெல்லாம் தோன்றிய பிறகு பேசாமல் அடுத்த மதிப்புரைக்குப் போயிருக்கவேண்டும். நான் ஒரு கடைசல் இயந்திரம் வாங்குவது என்று தீர்மானித்தேன். இனி அந்தச் சொல்லை உபயோகிப்பதானால் அதற்கான உரிமையைக் கையால் சம்பாதித்துக்கொண்டு உபயோகிப்பது என்று ஒரு வீறாப்பு. "சமையல் பற்றி எழுதினால் அடுப்பு வாங்குவீர்களா?" என்று மனைவி கேட்டாள். அடுப்பு ஏற்கனவே இருக்கிறது என்றேன். அதன் பக்கம் என்றைக்காவது போனதுண்டா என்பது அவளுடைய அடுத்த கேள்வி.

வங்கியில் குமாஸ்தா, வெளியே விமர்சகன் என்பதால் நண்பர்கள் எலியட்டைச் சொல்லி என்னைக் கேலி செய்வதுண்டு. எலியட் 1917லிருந்து 1925 வரை லாய்ட்ஸ் வங்கியில் வெளிநாட்டுக் கணக்குகள் பார்த்தார். நான் நகைக்கடன் பார்க்கிறேன். எனக்கு நிஜமான உறவு வேறொருவன்: ஃப்ளாபேரின் 'மதாம் பொவாரி'யில் வரும் பினே. யோன்வில் என்ற அந்தச் சிற்றூரின் வரி வசூல்காரன். வீட்டு மச்சில் ஒரு கடைசல் இயந்திரம் வைத்திருக்கிறான். சாப்பாட்டு மேஜைத் துணியைச் செருகி வைக்கும் மர வளையங்களைக் கடைந்து கடைந்து வீட்டை நிறைக்கிறான். கைவிட்டுப்போன காதலனின் கடிதத்தோடு எம்மா மச்சு ஜன்னலில் நின்று கீழே குதித்துவிடலாமா என்று தள்ளாடும்போது, வெளியிலிருந்து அவள் காதில் விழுவது பினேயின் இயந்திரத்தின் ரீங்காரம். கடைசியில் கடன் கழுத்தை நெரிக்க அவனிடமே அவள் போய்க் கெஞ்சும்போதும் அவன் கடைந்துகொண்டிருக்கிறான். தந்தத்தாலான ஏதோ ஒரு அலங்காரச் சாமானின் மர நகல், எதற்கும் உபயோகமில்லாதது. ஃப்ளாபேர் இதில் தன்னையே கேலி செய்துகொண்டார் என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. ஏறக்குறைய ஐந்து வருஷம் ஒரே நாவலின் வாக்கியங்களோடு மல்லாடி 1856ல் அதை அச்சுக்குக் கொடுத்த ஆள், நியாயந்தான். ஆனால் எனக்கு அந்தக் கேலி ஆசிரியரோடு நின்றுவிடுவதாகப் படவில்லை. முந்நூறு பிரதிகள் அச்சாகி, அதிலும் ஐம்பது கட்டுப் பிரிக்கப்படாமல் கிடக்கும் பத்திரிகையில், ஒருவர் கவிதைக்கு மற்றவர் வளையம் கடைந்து மாட்டிக்கொண்டிருக்கும் நம்மை எந்த ஜன்னலிலிருந்து யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். புதிதா, பழையதா?

புதிது என்றால் மேஜைமேல் வைக்கும் சிறிய இயந்திரம். வார்ப்பிரும்புப் படுக்கை, அரைக்குதிரை அல்லது முக்கால் குதிரை மோட்டார், திருகைத் திருப்பினால் வேகம் கூடிக் குறையும், சிவப்பு எண்களில் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும். அளவைச் சொல்வதிலேயே ஒரு குழப்பம். அமெரிக்கர்கள் மாட்டக்கூடிய மரத்தின் விட்டத்தைச் சொல்வார்கள். பழைய ஆங்கிலேயப் பழக்கத்தில் படுக்கையிலிருந்து அச்சு வரை உள்ள உயரத்தைச் சொல்வார்கள். ஆகவே ஒருவருடைய ஆறு அங்குலம் இன்னொருவருடைய பன்னிரண்டு. இலக்கியத்தில் 'யதார்த்தம்' என்ற சொல்லுக்கு நேர்ந்ததுதான். எனக்கு ஒரு கடைக்காரர் சொன்ன விலை 42,000 ரூபாய். அதோடு முடியாது. உளிகள், உளியைத் தீட்ட ஒரு சாணை, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக், முகத்துக்கு மறைப்பு என்று இயந்திரத்தின் விலைக்குக் கிட்டத்தட்ட இன்னொரு விலை. இதை வாங்கப்போகிறவனிடம் யாரும் முதலில் சொல்வதில்லை.

பழையது என்றவுடன் கவிஞர் தாமே முன்வந்தார். அவருடைய அப்பாவின் இயந்திரம் என்றைக்கோ போய்விட்டது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் அம்பாசமுத்திரம் பக்கத்தில் பட்டறையை மூடப்போகிறார், வாருங்கள் என்றார். தொட்டில் கட்டை, நடைவண்டி, சொப்புச் சாமான் என்று அந்தப் பக்கத்துக் கடைசலுக்குப் பெயர் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

பட்டறை என்பது வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பு. இயந்திரம் முழங்கால் உயரத்தில், பலகையில் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி அமைந்திருந்தது. இரண்டு இரும்புச் சேனல்கள், அவற்றின்மேல் தண்டு, பேரிங்குகள், ஒரு குதிரை மோட்டார், படிப்படியான கப்பியில் பெல்ட். எந்தக் கம்பெனியின் பெயரும் கிடையாது. 1994ல் உள்ளூர் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது, 18,000 ரூபாய் ஆயிற்று என்றார் பெரியவர். எழுபதை நெருங்கிய வயசு. ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

எங்களுக்காக ஒரு தொட்டில் கட்டையைப் போட்டுக் காட்டினார். சதுரமாக இருந்த மரம் சுழலத் தொடங்கியதும் ஓரங்கள் மங்கிப் புகைபோல் ஆகி, உள்ளே கெட்டியான ஒரு உருவம் மட்டும் தெரிந்தது. உளி அந்தப் புகையைத் தொட்டதும் டகடகவென்று ஒரு சத்தம். கொஞ்சங்கொஞ்சமாக அது சீறலாக மாறியது. சத்தம் சீரானபோது மரம் உருண்டுவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். புரைக்கண்ணோடு அவரால் எப்படி முடிகிறது என்பதற்கு அதுதான் பதில். பிறகு சிவப்பு அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினார். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பூசிக்கொண்டது. தாழை மடலில் ஒரு துண்டைக் கிழித்து மேலே பிடித்தார். மங்கலாக இருந்த சிவப்பு பளபளவென்று திறந்துகொண்டது. வர்ணத்துக்கென்று ஒரு தூரிகை இல்லை, காயவைப்பதற்கு நேரமில்லை. மரத்தை உருட்டிய அதே சுழற்சிதான் வர்ணத்தையும் பூசியது. நான் கவிஞரைப் பார்த்தேன். அவர் வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய இயந்திரம் வாங்குகிறவன் செய்யவேண்டிய சோதனைகளைப் படித்துவைத்துக்கொண்டு போயிருந்தேன். பெல்ட்டைக் கழற்றித் தண்டைக் கையால் சுற்றி பேரிங் கரகரக்கிறதா என்று கேட்பது. தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. உளி தாங்கியின் விளிம்பில் பள்ளங்கள் இருக்கின்றனவா என்று விரலால் தடவுவது. இருந்தால் அரத்தால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். எல்லாவற்றிலும் முக்கியம், எதிரெதிரே இருக்கும் இரண்டு முனைகளையும் நெருக்கிக் கொண்டுவந்து ஒன்றையொன்று நேராகச் சந்திக்கின்றனவா என்று பார்ப்பது. பார்த்தேன். சந்திக்கவில்லை. ஒரு அரிசி மணியின் கனத்துக்கு விலகியிருந்தது. கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு சொன்னேன். "வாங்கும்போதே அப்படித்தாம் சார்" என்றார் அவர். "கை அதுக்குத் தக்கன போயிரும்."

இயந்திரத்தின் தப்பை முப்பது வருஷமாக அவர் கை உள்வாங்கி வைத்திருந்தது. அவர் கடைந்த தொட்டில் கட்டைகளில் அது தெரியாது. அவரில்லாமல் அந்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனால் தப்பு மட்டும் கூட வரும், கை வராது. நான் இதை யோசித்து முடிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "நீங்க புதுசு வாங்குங்க சார். புதுசா படிக்கிற ஆளு. தப்பு உங்களுதா, மிசின்லயான்னு தெரியணும்லா? இதுல தெரியாது." விற்க வந்தவர் வாங்க வந்தவனிடம் சொன்னது இது. மொழிபெயர்ப்பில் படித்த பிரெஞ்சுக் கவிதையை வைத்துத் தமிழில் எழுதக் கற்றுக்கொண்ட எங்கள் தலைமுறையில் சிலருக்கு இதை யாராவது அந்த வயசில் சொல்லியிருக்கலாம்.

அப்போதுதான் மோட்டாருக்குப் பக்கத்துச் சேனலில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்ததைக் கவனித்தேன். பாதி எண்ணெயில் மறைந்திருந்தது. இன்ன வங்கிக்கு ஈடு என்ற வாசகம். கடன் கொடுத்த இயந்திரத்தில் அப்படி எழுதிவைக்கச் சொல்வது எங்கள் வழக்கம். எழுதியாயிற்றா என்று பார்த்துவர என்னையே அனுப்பியிருக்கிறார்கள். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். "கடன் 2003லயே அடைச்சாச்சு" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து. "எழுதணும்னு மூணு தடவ வந்தாங்க. அழிக்கச் சொல்லி யாரும் வரல. நாமளா அழிச்சா ஏதும் சொல்லுவாகளோன்னு விட்டுட்டேன்." அழித்துவிடலாம் என்று சொன்னேன். சொன்ன குரல் கவுன்ட்டரில் பேசுகிற குரலாக இருந்ததை நானே கேட்டேன். எம்மா வந்து நின்றபோது பினே அநேகமாக இந்தக் குரலில்தான் பேசியிருப்பான்.

விலை கேட்டேன். பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு 30 ரூபாய் சொல்லியிருக்கிறார், 140 கிலோ தேறும், மோட்டார் தனி. நீங்கள் மொத்தமாக ஆறாயிரம் கொடுங்கள் என்றார். திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் தேய்மானக் கணக்குப் போட்டேன். அது எங்கள் தொழில் வியாதி. வருமான வரிச் சட்டப்படி சாதாரண இயந்திரங்களுக்கு வருஷத்துக்கு 15 சதவீதம், மிஞ்சிய மதிப்பின்மேல் கழிப்பது. பத்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிற்கும். முப்பது வருஷத்தில் 18,000 ரூபாய் 137 ரூபாயாகும். இந்த முறையில் ஒரு விசேஷம், மதிப்பு எப்போதும் பூஜ்யமாவதில்லை. குறைந்துகொண்டே போகும், ஒழியாது.

ஆறாயிரம் எனக்கு இல்லாத பணம் அல்ல. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சபலம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. காரைக்குடியில் இடித்த வீடுகளின் தூண்களை வாங்கிக்கொண்டுபோய் ஓட்டல் முகப்பில் நிறுத்துகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஜார்ஜ் ஸ்டர்ட்டும் நினைவுக்கு வருவார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், அப்பா இறந்ததும் 1884ல் ஃபார்னமில் வண்டிச்சக்கரப் பட்டறையை ஏற்றுக்கொண்டு, பிற்காலத்தில், 1923ல், அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பத்து வருஷம் கழித்து லீவிஸும் தாம்ஸனும் அதை எடுத்துக்கொண்டு, இழந்துபோன முழுமையான சமூகம் என்று ஒரு கொடியே ஏற்றினார்கள். கல்லூரியில் அந்தக் கொடிக்கு நானும் வணக்கம் செலுத்தியிருக்கிறேன். பட்டறை பிழைக்கவேண்டுமே என்று காஸ் என்ஜினையும் ரம்பங்களையும் கடைசல் இயந்திரத்தையும் உள்ளே கொண்டுவந்து வைத்ததே ஸ்டர்ட்தான். அதை அவரே எழுதியிருக்கிறார். நாங்கள் அந்தப் பக்கத்தை மட்டும் அடிக்கோடிடாமல் தாண்டிப் போனோம்.

பெரியவர் சொன்னபடியே செய்தேன். மாதத் தவணையில் புதிது வாங்கினேன். தண்டு என் முழங்கை உயரத்துக்கு வருமாறு மேஜை செய்து, பின்கட்டில் வைத்தேன். ஒன்றரை மாசம் கழித்துக் கவிஞர் வேறு விஷயமாகப் பேசும்போது, "அந்த மிசின் போயிருச்சு அண்ணாச்சி. கேஸ் வச்சு வெட்டி எடுத்துட்டுப் போனாங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க செஞ்சது சரிதான். அவரே சொன்னார்லா" என்றார். சரிதான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. இன்றுவரை அதற்கு எதிராக ஒரு வாதம் எனக்குக் கிடைக்கவில்லை. வெட்டுமுன் அந்த வெள்ளை எழுத்தை யாராவது அழித்தார்களா என்று கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

புது இயந்திரத்தில் தப்பெல்லாம் என்னுடையவைதான். முனைகள் இரண்டும் ஊசி வைத்தாற்போல் சந்திக்கின்றன. உளியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் மரம் கவ்விக்கொண்டு ஒரு திருகுக் கோட்டை உடம்பு முழுக்க உழுதுவிட்டுப் போகிறது. அதைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் சீவினால் மறுபடி கவ்வுகிறது. சாயங்காலம் கட்டில் கால் பருமனில் தொடங்கியது ராத்திரி பேனாப் பருமனில் முடியும். திருத்தித் திருத்தியே இல்லாமலாக்கிவிடுவது எனக்குப் புதிய அனுபவமல்ல. மரத்தின் விட்டம் கூடக் கூட வேகத்தைக் குறைக்கவேண்டும் என்பதைத் தாடையில் ஒரு அடி வாங்கிய பிறகு தெரிந்துகொண்டேன். ஆறு மாசத்தில் உருப்படியாகச் செய்ய வந்தது பம்பரம் ஒன்றுதான். நாற்பதோ ஐம்பதோ பின்கட்டு அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அரக்கு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சூடு ஏறாமல் திட்டுத்திட்டாக ஒட்டுகிறது. மதிப்புரையில் அந்தச் சொல்லை அதன் பிறகு எழுதவில்லை. வேறு சொல்லும் கிடைக்காததால் மதிப்புரையே எழுதவில்லை.

போன வாரம் வீட்டுக்காரரின் பேரன் வந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றை எடுத்துப் புரட்டினான். "இதுல ஆணியே இல்லயே மாமா. எப்படிச் சுத்தும்?" என்றான். ஆணி அடிக்க எனக்குத் தோன்றவேயில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கடைக்குப் போய்க் கால் கிலோ ஆணி வாங்கிவந்தேன். முனை குத்திய தழும்பு மரத்தின் நடுமையத்தில் தயாராக இருந்தது. அதில் வைத்து அடித்தேன். முதல் இரண்டு பிளந்துவிட்டன. முதலில் சின்னதாகத் துளை போட்டுக்கொள்ளுங்கள் என்று அவன்தான் சொன்னான். மூன்றாவது நின்றது. சாட்டையைச் சுற்றி வாசலில் விட்டான். தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுச் சாக்கடைப் பக்கமாகப் போய் விழுந்தது. அதை எடுக்காமல் இன்னொன்று வேண்டும் என்று உள்ளே வந்தான்.